எண்ணெய் இருந்தும் எஃகு தேய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் பதனிடும் டிரம்கள், ஆரணி வட்டாரத்து அரிசி ஆலைகள், வேலூரிலும் காட்பாடியிலும் உள்ள லேத் பட்டறைகள் என்று எங்கே போனாலும் ஒரே வகைக் கோளாறு திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. எண்ணெய் இருக்கிறது, அதன் மட்டமும் சரியாக இருக்கிறது, ஆனாலும் எஃகு தேய்கிறது அல்லது எஃகோடு உரசும் வெண்கலம் கரைகிறது. எண்ணெய்க்குள் கலந்திருக்கும் சேர்க்கைப் பொருள், அதாவது கடையில் ‘அடிடிவ்’ என்று கேட்டு வாங்கும் சரக்கு, அந்த இயந்திரத்துக்குப் பொருந்தாமல் போவதுதான் இவற்றில் பலவற்றுக்குக் காரணம். எஃகுப் பல்லைக் காக்கும் பொருளே வெண்கலச் சக்கரத்தை அரிக்கும். உராய்வைக் குறைக்கும் பொருளே கிளட்சை வழுக்க வைக்கும்.

ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்ப்பதானாலும், முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். உள்ளே எந்த உலோகம் எந்த உலோகத்தோடு உரசுகிறது? அந்த இடத்தில் உராய்வு குறைய வேண்டுமா, அல்லது உராய்வு இருந்தால்தான் வேலை நடக்குமா? இயந்திரத்தின் பெயர்த்தகட்டையும் எண்ணெய் டின்னின் லேபிளையும் அருகருகே வைத்துப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கையில் ஒரு காந்தம், வெள்ளைப் பீங்கான் தட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானி, செம்புப் பட்டைத் துண்டு, டயல் கேஜ் ஆகியவை இருந்தால் போதும். மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். டிரம்மில் தோலும் நீரும் இருந்தால், மின்சாரம் இல்லாதபோதும் எடை ஒரு பக்கமாக இறங்கி டிரம் தானாக உருளும் என்பதால், கட்டை கொடுத்து நிறுத்தாமல் கியர்பாக்ஸில் கை வைக்கவே கூடாது.

## அறிகுறி 1: கியர்பாக்ஸில் கை வைக்க முடியாத சூடு

முதலில் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே நாம் கையை எடுத்துவிடுகிறோம். திருகுத்தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றும் வோர்ம் கியரிலோ பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியே சுமையைக் கடத்துவதால், அது 80 டிகிரி வரை சூடாக ஓடுவது இயல்பு. வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி வெயில் நாட்களில் இது இன்னும் சற்றுக் கூடும். எண்ணெய் தேங்கும் பகுதியின் வெளிச்சுவரில் 90 டிகிரிக்கு மேல் காட்டினாலோ, அதே சுமையில் முன்பு இருந்ததைவிடச் சூடு தெளிவாக ஏறியிருந்தாலோ மட்டும் மேற்கொண்டு செல்லுங்கள்.

### எண்ணெய் மட்டம்

இயந்திரம் நின்று ஆறிய பிறகு லெவல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் சூடு ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும்; கூடியிருந்தாலும் ஏறும் என்பதுதான் பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெயைச் சக்கரம் கடைந்துகொண்டே இருக்க, அந்தக் கடைசலே வெப்பமாகிறது.

### எண்ணெயின் கனம்

பெயர்த்தகடு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 460 (எண் கூடக் கூட எண்ணெயின் கனமும் கூடும்) என்று சொல்லும் இடத்தில் 220 ஊற்றப்பட்டிருந்தால், சூட்டில் அது மேலும் நீர்த்து, உலோகங்களைப் பிரித்து வைக்கும் படலம் போதாமல் போய், முழுச் சுமையும் சேர்க்கைப் பொருளின் தலையில் விழுகிறது. அந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த அடிடிவ் இருந்தாலும் விரைவில் தீர்ந்துவிடும். கனத்தைச் சரிசெய்யாமல் அடிடிவ் தேடுவது வீண் செலவு.

### பேரிங், சீரமைவு, சுமை

மேலே சொன்ன இரண்டும் சரியாக இருந்து, காற்று போய்வரும் மூச்சுத்துளையும் அடைபடாமல் இருந்தால், மின்கம்பியைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரால் மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். மின்னோட்டம் பெயர்த்தகட்டு அளவைத் தாண்டினால் டிரம்மில் சுமை அதிகம், அல்லது டிரம்மின் பேரிங் பிடிக்கிறது. மின்னோட்டம் வழக்கம்போல் இருந்து கியர்பாக்ஸின் ஒரு முனை மட்டும் மற்ற முனையைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால், அந்த முனையின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பேரிங்கைக் கழற்றும் கட்டம் வந்துவிட்டால் ஃபிட்டரை அழைத்துவிடுங்கள். வோர்ம் தண்டின் அச்சு இடைவெளியைத் திரும்ப அமைப்பது அனுபவமுள்ள கைக்கு உரிய வேலை.

## அறிகுறி 2: வடித்த எண்ணெயில் பொன்னிறத் துகள்

தோல் தொழிற்சாலைகளில் மிகுந்த பணத்தைத் தின்னும் கோளாறு இதுதான். டிரம்மைச் சுழற்றும் வோர்ம் கியரில் திருகுத்தண்டு எஃகு, பெரிய சக்கரம் வெண்கலம். வடித்த எண்ணெயைப் பீங்கான் தட்டில் சில சொட்டுகள் விட்டு, வெயிலில் சாய்த்துப் பார்த்தால், பொன்தூள் மிதப்பது தெரியும். தட்டின் அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தோடு ஓடுபவை எஃகு. அசையாமல் மினுங்குபவை வெண்கலச் சக்கரத்திலிருந்து உதிர்ந்தவை. புதுச் சக்கரம் பழகும் வரை கொஞ்சம் உதிர்வது இயல்பு என்பதால், அந்த முதல் எண்ணெயை மாற்றிவிட்டு அடுத்த முறை பார்த்தால் போதும். பழகிய சக்கரம் தொடர்ந்து உதிர்ந்தால் காரணம் தேட வேண்டும்.

### லாரி கியர் ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா

இதுவே எளிய காரணம். ‘கியர் ஆயில் 90’ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது வண்டிகளின் பின் அச்சுக்கான ஜி.எல்.-5 எண்ணெயாக இருக்கலாம். ஜி.எல்.-4 வகையைவிட ஏறத்தாழ இரு மடங்கு அதிஅழுத்த அடிடிவ் அதில் உண்டு. அதில் உள்ள கந்தகமும் பாஸ்பரஸும் எஃகுப் பற்கள் கடுமையாக அழுந்திச் சூடேறும் புள்ளிகளில் இரும்போடு வினைபுரிந்து, எளிதில் அறுபடும் மெல்லிய படலத்தை உண்டாக்குவதால், பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்வதில்லை. எஃகும் எஃகும் உரசும் இடத்தில் இது உயிர்காக்கும் சரக்கு. அதே வீரியமான கந்தகம், சூடான எண்ணெயில், வெண்கலத்தில் உள்ள செம்பையும் தாக்கும். அரிக்கப்பட்ட கருமேல்தோலை எஃகுத் திருகு ஒவ்வொரு சுற்றிலும் வழித்துக்கொண்டு போக, கீழே புதுச் செம்பு வெளிப்பட்டு மீண்டும் அரிக்கப்படுகிறது.

### செம்புப் பட்டைச் சோதனை

ஆய்வகத்தில் செய்யும் சோதனையின் எளிய வடிவத்தைப் பட்டறையிலேயே செய்து பார்க்கலாம். செம்புப் பட்டையை நுண்ணிய உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, விரல் படாமல் துணியால் பிடித்து, வெப்பம் தாங்கும் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொரு துண்டாகப் போடுங்கள். ஒன்றில் டின்னில் உள்ள புது எண்ணெய், மற்றொன்றில் கியர்பாக்ஸிலிருந்து வடித்த எண்ணெய். வாயை இறுக்கி அடைக்காமல், நீர் உள்ளே தெறிக்காமல், கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தில் குழாய்களை மூன்று மணி நேரம் நிறுத்தி வையுங்கள். எண்ணெயை நேரடியாக அடுப்பில் காட்டக் கூடாது.

துண்டுகளைத் துடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேய்த்தபோது இருந்த இளஞ்செம்மை மாறாமலோ சற்றே அடர்ந்தோ இருந்தால் அந்த எண்ணெயால் வெண்கலத்துக்குக் கெடுதல் இல்லை. ஊதாவும் வெள்ளிப் பூச்சுமாக நிறம் திரிந்திருந்தால் எச்சரிக்கை. மயில்கழுத்து நிறமும் கருப்பும் ஏறியிருந்தால் அந்த எண்ணெய் அங்கே இருக்கவே கூடாது.

புது எண்ணெயே கருக்கவைத்தால் குற்றம் டின்னில் இருக்கிறது, எண்ணெயை மாற்றுங்கள். புதியது நன்றாக இருந்து வடித்தது மட்டும் கருக்கவைத்தால், முன்பு இருந்த எண்ணெயின் மிச்சம் கழுவப்படாமல் கலந்திருக்கலாம், அல்லது தொழிற்சாலைக் காற்றே உள்ளே போயிருக்கலாம். முடி நீக்குவதற்குச் சோடியம் சல்பைடு பயன்படுத்தும் சுண்ணாம்பு யார்டில், அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். மனித உயிருக்கே ஆபத்தான அந்த வாயு செம்பையும் கருக்கவைக்கும். அத்தகைய இடத்தில் மூச்சுத்துளைக்கு ஈரம் உறிஞ்சும் வடிகட்டி மாட்டுவதும், முடிந்தால் குழாய் போட்டு அதை வெளிச்சுவருக்குக் கொண்டுபோவதும் நல்லது. வாயுவின் நாற்றம் தெரிந்தால் கியர்பாக்ஸை விட்டுவிட்டு முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். நாற்றம் நின்றுவிட்டது என்று திரும்பிப் போகவும் கூடாது, ஏனென்றால் செறிவு கூடும்போது அந்த வாயு மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும்.

### எதை ஊற்றுவது

வோர்ம் கியருக்கு நான் பரிந்துரைப்பது, சில சதவீதம் கொழுப்பெண்ணெய் கலந்த, தனியாக வோர்ம் கியருக்கென்றே விற்கும் வி.ஜி. 460 அல்லது 680 எண்ணெய். தயாரிப்பாளர் வேறு சொன்னால் அதுவே முடிவு. கொழுப்பு மூலக்கூறுகள் உலோகத்தின்மேல் ஒட்டி நின்று வழுக்கலைத் தருகின்றன, செம்பை அரிப்பதில்லை. பாலிகிளைக்கால் வகைச் செயற்கை எண்ணெய் இதைவிடக் குளிர்ச்சியாக ஓடும், ஆனால் அது கனிம எண்ணெயோடு கலக்காது என்பதால், பழைய எண்ணெயை முழுவதும் கழுவி எடுக்காமல் ஊற்றக் கூடாது. சீலும் உள்பூச்சும் அதைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

### எண்ணெய் சரி, துகள் நிற்கவில்லை

இனி இது இயந்திரக் கோளாறு. பல்லில் நீலச் சாயம் தடவிச் சுழற்றி, பற்கள் ஒன்றையொன்று தொடும் தடமான பல் படிவைப் பார்க்க வேண்டும். வெண்கலச் சக்கரத்தில் படிவு, திருகு விலகிப்போகும் பக்கத்துக்குச் சற்று ஒதுங்கி இருப்பதே சரி. படிவு நுழையும் பக்கத்தில் அழுந்தினால் எண்ணெய் உள்ளே போக வழியில்லை. இதைத் திருத்தவும், பல் கத்திமுனையாக மெலிந்த சக்கரத்தை மாற்றவும் ஆள் வர வேண்டும்.

## அறிகுறி 3: எஃகுப் பற்களில் கீறலும் குழியும்

மூடியைத் திறந்து பல்லைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மூன்று வகைக் காயங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

### பல்லின் உயரவாக்கில் இழுபட்ட, சொரசொரப்பான பட்டைகள்

பற்கள் ஒட்டிப் பிய்ந்ததன் தடம் இது. அடிடிவ் உண்மையிலேயே மருந்தாவது இங்கேதான். எஃகோடு எஃகு மட்டும் உரசும் ஹெலிக்கல் அல்லது பெவல் கியர்பாக்ஸில் அதிஅழுத்த வகை எண்ணெய் இல்லாமல் வெறும் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தால், சரியானதற்கு மாற்றினால் பெரும்பாலும் காயம் மேலும் பரவாது. ஏற்கெனவே பிய்ந்த இடத்தை எந்த எண்ணெயும் நிரப்பாது.

### நேர்கோடுகளாக மெல்லிய கீறல்

இதில் எண்ணெயைக் குறைசொல்லக் கூடாது, உள்ளே மண் அல்லது சாம்பல் போயிருக்கிறது. அரிசி ஆலைகளில் இது மிகுதி. உமிச்சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அது எஃகைத் தேய்க்கும் சாணைப்பொடி. சீல், மூச்சுத்துளை, எண்ணெய் ஊற்றும் புனல் ஆகிய மூன்றையும் பாருங்கள். உமி அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த டின்னில் எண்ணெய் வைத்திருக்கும் ஆலைகளில், கோளாறு அந்த டின்னிலேயே தொடங்குகிறது.

### சிறு குழிகள், அல்லது மங்கிய சாம்பல் நிறத் திட்டு

திரும்பத் திரும்ப அழுந்தி உலோகம் களைத்துப்போனதன் விளைவு இது. காரணம் சுமை, சீரமைவு, கனம் குறைந்த எண்ணெய், எண்ணெயில் நீர் என்ற வரிசையில் தேட வேண்டும். வீரியமான அடிடிவை மேலும் சேர்ப்பது சாம்பல் திட்டை அதிகமாக்கவும் கூடும். மேடுபள்ளம் பழகித் தேய்ந்து சமனாவதை அது தடுத்துவிடுவதே காரணம். குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரிசையாகி, பல்லின் விளிம்பு உடையத் தொடங்கினால் ஓட்டத்தை நிறுத்தி ஃபிட்டரை அழையுங்கள்.

## அறிகுறி 4: பாட்டில் அடிடிவ் ஊற்றியதும் சத்தம் அடங்கியது, பிறகு முன்பைவிடக் கூடியது

‘அண்ணே, ஒரு பாட்டில் ஊத்திட்டா சத்தம் அடங்கிடும்’ என்று ஆபரேட்டர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் எஃகின் பரப்பில் இடம் குறைவு. எண்ணெய்த் தயாரிப்பாளர் முன்பே கலந்திருக்கும் தேய்மானத் தடுப்பு, துருத் தடுப்பு, வழுக்கல் பொருள் எல்லாம் அந்த ஒரே பரப்பில் ஒட்டுவதற்குப் போட்டி போடுகின்றன. சிங்க் டைதயோபாஸ்பேட் என்னும் பழகிய தேய்மானத் தடுப்புப் பொருள், சூட்டிலும் உரசலிலும் நூறு நானோமீட்டர் அளவிலான கண்ணாடி போன்ற படலமாக எஃகில் படிந்து, தேயத் தேயத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஊற்றும் வேறொரு பொருள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், சத்தம் சிறிது காலம் குறையலாம், அடியில் படலம் வளராமல் நின்றுவிடும்.

சில பாட்டில்களில் குளோரின் சேர்ந்த பாரஃபின் இருக்கிறது. உலோகம் வெட்டும் வேலையில் அது நன்றாகவே உழைக்கும். ஈரமும் சூடும் உள்ள கியர்பாக்ஸிலோ எஞ்சினிலோ அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கித் துரு ஏற்றும். ஈரம் எந்நேரமும் சூழ்ந்திருக்கும் தோல் தொழிற்சாலைக்குள் அந்தப் பாட்டிலைக் கொண்டுவர நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

ஊற்றியாகிவிட்டால் செய்ய வேண்டியது: சூடாக இருக்கும்போதே முழுவதும் வடித்து, அதே தர எண்ணெயைக் குறைந்த அளவு ஊற்றிச் சுமையில்லாமல் சிறிது நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பிறகும் சத்தம் இருந்தால், அது முதலிலிருந்தே பேரிங் அல்லது பல் இடைவெளியின் சத்தம்தான்.

## அறிகுறி 5: லேத்தின் கேரேஜ் மெதுவான நகர்வில் தாவித் தாவிப் போகிறது

கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பும்போது, வெட்டுளியைத் தாங்கி நகரும் கேரேஜ் முதலில் அசையாமல் நின்று, பிறகு சட்டென்று தாவுகிறது. கடைசல் பரப்பில் அலையலையாகத் தடம் விழுகிறது. நிற்கும்போதைய உராய்வு, நகரும்போதைய உராய்வைவிட மிகக் கூடுதலாக இருப்பதே இதற்குக் காரணம்.

கேரேஜ் ஊர்ந்து செல்லும் லேத் பெட்டில் ஹைட்ராலிக் ஆயிலோ பழைய எஞ்சின் ஆயிலோ விடுவது முதல் சந்தேகம். பெட்டைத் துடைத்து, ஸ்லைடுவே ஆயில் என்று விற்கும் வி.ஜி. 68 எண்ணெயை விடுங்கள். உராய்வு மாற்றியும் பரப்பில் ஒட்டிப் பிடிக்கும் பொருளும் அதில் சேர்ந்திருப்பதால் கூலண்ட் அதை எளிதில் கழுவாது. டயல் கேஜை வைத்து முன்னும் பின்னும் மிக மெதுவாக நகர்த்துங்கள். முள் சீராக ஏறினால் முடிந்தது.

தாவல் தொடர்ந்தால் கேரேஜின் தளர்வைச் சரிசெய்யும் கிப் ஸ்குரூவின் இறுக்கம், வைப்பர் ரப்பரில் செருகிய இரும்புத்தூள், அடைபட்ட எண்ணெய்க் காடி ஆகியவற்றைப் பாருங்கள். சக்கிற்கு அருகே மட்டும் கேரேஜ் தளர்ந்து, மறுமுனையில் இறுகினால் பெட் தேய்ந்துவிட்டது. அதைச் சுரண்டிச் சமன்செய்யவோ கிரைண்டிங் செய்யவோ அதற்கென்று உள்ளவரிடம்தான் போக வேண்டும், செலவும் பெரிது.

## அறிகுறி 6: வழுக்கக் கூடாதது வழுக்குகிறது

### பைக்கில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

முதலில் கிளட்ச் கேபிளில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், கடைசியாக ஊற்றிய எண்ணெயின் டின்னைத் தேடி எடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. உராய்வு மாற்றி கலந்த கார் எண்ணெய், கிளட்ச் தகடுகளுக்கு வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். லேபிளில் ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும், எம்.பி. என்று இருப்பது உராய்வு குறைந்த வகை, கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. சரியான எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஓட்டி மீண்டும் ஒருமுறை மாற்றியும் வழுக்கல் நிற்காவிட்டால், தகடுகள் மெருகேறிவிட்டன. மெக்கானிக்கிடம் விட்டு மாற்றுங்கள்.

### டிராக்டர் பிரேக் அலறுகிறது

எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டரின் பின் அச்சில் சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் அலறும், அதிரும், அல்லது பிடிக்காது. கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் பொதுவான யூ.டி.டி.ஓ. வகை எண்ணெய் அங்கே வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் வயலிலிருந்து ரோட்டுக்கே ஏற்ற வேண்டாம்.

### அரிசி ஆலை எலிவேட்டர் மின்சாரம் போனதும் பின்னோக்கி ஓடுகிறது

வாளிகளில் நெல் நிறைந்திருக்கும்போது எலிவேட்டரைப் பிடித்து நிறுத்துவது, ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் பேக்ஸ்டாப். அது கியர்பாக்ஸ் எண்ணெயையே பகிர்ந்துகொள்ளும் வகையாக இருந்தால், மாலிப்டினம் கலந்த எண்ணெயோ வழுக்கலைக் கூட்டும் அடிடிவோ அதன் பிடியைக் கெடுக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன எண்ணெய்க்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஓடினால் தாமதிக்காமல் ஆளை அழையுங்கள், அதுவரை எலிவேட்டரின் அடிப்பெட்டியான பூட்டில் யாரும் கை விடக் கூடாது.

## அறிகுறி 7: எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறது, அல்லது நுரைக்கிறது

வெளுப்பு என்றால் நீர். சூடான தோசைக்கல்லில் ஒரே ஒரு சொட்டு விட்டுத் தள்ளி நின்று, கண்ணாடி அணிந்து கேளுங்கள். படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. டிரம் கழுவும் நீர் சீல் வழியாக இறங்குவதுதான் வழக்கமான காரணம். கியர்பாக்ஸில் எஞ்சின் ஆயில் ஊற்றப்பட்டிருந்தால் நிலைமை மோசம், ஏனென்றால் அதன் அழுக்கு நீக்கும் அடிடிவ் நீரைப் பிரியவிடாமல் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கியர் எண்ணெயாக இருந்தால் ஓர் இரவு நின்றதும் நீர் அடியில் தங்கும், டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தி அதை மட்டும் வடிக்கலாம்.

நுரை என்றால் மட்டத்தைப் பாருங்கள், இரண்டு எண்ணெய்கள் கலந்தனவா என்று விசாரியுங்கள். நுரையடக்கியைத் தனியாக வாங்கி ஊற்றாதீர்கள். மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் சிலிக்கோன் பொருள் அது. கூடிப்போனால் எண்ணெய்க்குள் காற்றைச் சிறைப்படுத்திப் படலத்தை மெலியவைக்கும்.

## அறிகுறி 8: பேரிங்கிலிருந்து கிரீஸ் உருகி வடிகிறது

லித்தியம் கிரீஸின் மேல் பாலியூரியா அல்லது களிமண் வகைக் கிரீஸ் அடித்தால் இரண்டும் பொருந்தாமல் இளகி வடியும். முழுவதும் கழுவிவிட்டு ஒரே வகையை நிரப்புங்கள். மாலிப்டினம் கலந்த கரும் கிரீஸ், மெதுவாக அசைந்து கனம் தாங்கும் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் ஏற்றது, வேகமாகச் சுற்றும் மோட்டார் பேரிங்குக்கு அதை அடிக்க வேண்டாம்.

## ஆய்வகத்துக்கு எண்ணெய் அனுப்பும்போது

அறிகுறி 2, 3 ஆகியவற்றில் காரணம் பிடிபடாவிட்டால், சக்கரம் வாங்கப் பணம் போடுவதற்கு முன் எண்ணெயை ஆய்வுக்கு அனுப்புவது மலிவு. இயந்திரம் சூடாக ஓடி நின்ற உடனே வடியுங்கள். முதலில் வரும் அடிக்கசடும் கடைசிச் சொட்டும் வேண்டாம், நடுவில் வருவதைச் சுத்தமான உலர்ந்த பாட்டிலில் 100 மில்லி பிடியுங்கள். அதே டின்னின் புது எண்ணெயிலும் ஒரு பாட்டில் சேர்த்து அனுப்பினால்தான், துத்தநாகமும் பாஸ்பரஸும் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று ஒப்பிட முடியும். வழக்கமான நிறமாலைச் சோதனை சில மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைச் சரிவரக் காணாது. கண்ணுக்கே தெரியும் துகள்கள் இருக்கும்போது அறிக்கையில் இரும்பு குறைவாக வந்தால் அதை நம்பி ஓட்ட வேண்டாம், துகள்களைக் காந்தத்தால் பிரித்துப் பார்க்கும் ஃபெரோகிராஃபி சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பாட்டிலின் மேல் இயந்திரத்தின் பெயர், எண்ணெயின் தரம், கடைசியாக மாற்றிய தேதி, இடையில் ஊற்றிய பாட்டில் அடிடிவ் ஏதேனும் இருந்தால் அதன் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.